கருமணலை டப்பாவில் அடைத்து எண்ணும்போது

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுத்த வரியில் ஒரு கைப்பிடி, அதற்கு இரண்டடி தள்ளி வெளுத்த மணலில் ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். இரண்டிலும் உள்ள தோரியம் பல மடங்கு வேறுபடும். இரண்டுமே சரியான அளவுதான். ஆனால் ‘இந்தக் கரை மணலில் தோரியம் கிலோவுக்கு இத்தனை பெக்கரல் (வினாடிக்கு இத்தனை சிதைவு)’ என்று அறிக்கையில் எழுதும்போது எதை எழுதுவது? மண்ணிலும் வண்டலிலும் இயற்கையாக இருக்கும் கதிரியக்கத் தனிமங்களை, அவை விடும் காமா கதிர்களை எண்ணி அளக்கிறவர்கள், கதிரை உணரும் டிடெக்டரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். எண் கெடுவதோ பெரும்பாலும் அள்ளும் இடத்திலும், அடைக்கும் டப்பாவிலும், கணக்கில் போடும் ஏதோ ஒரு சதவீதத்திலும்.

இந்தக் கரைக்கு இந்தக் குணம் மோனசைட் என்ற தோரியத் தாதுவால் வந்தது. நம் கடற்கரை மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு சுமார் 8 முதல் 10 சதவீதம், கூடவே கொஞ்சம் யுரேனியம். 1909-ல் ஜெர்மன் வேதியியலாளர் ஷோம்பர்க், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் இதைக் கண்டார். அப்போது தோரியத்துக்கு இருந்த கிராக்கி கேஸ் விளக்கு மேன்டிலுக்காக. கல்யாண வீட்டுப் பெட்ரோமாக்ஸ் மேன்டிலிலும் நெடுங்காலம் அதே தோரியம்தான் எரிந்தது. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, மோனசைட்டுக்கு 5-ஐ ஒட்டி. அலை இலேசானதை இழுத்துக்கொண்டு போய்விடும். இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட் கரையில் தங்கிவிடும். தென்மேற்குப் பருவக்காற்றுக் கடல் கரையை அரிக்கும் மாதங்களில் இந்தக் கறுப்பு வரி அடர்ந்தும் இடம் மாறியும் தெரியும். ஆகவே தேதியும் பருவமும் குறிக்காத கடற்கரை மாதிரிக்கு மதிப்பு பாதிதான்.

மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வரும் பொருள். ஆய்வுக்காக ஒன்றிரண்டு கிலோ அள்ளுவதானாலும் அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. தாது மணல் விவகாரம் தெரிந்த ஊர்க்காரர்கள் கேட்காமல் விடமாட்டார்கள்.

அள்ளும் முறைக்கு வருவோம். ஒரு புள்ளியை ஒரு மாதிரி என்று கொள்ளாதீர்கள். ஒரு மீட்டர் சதுரம் போட்டு, நான்கு மூலையிலும் நடுவிலும் அள்ளிக் கலந்தால்தான் அது ஒரு மாதிரி. ஆழம் 5 சென்டிமீட்டரா 20 சென்டிமீட்டரா என்று முதலிலேயே முடிவு செய்து கடைசிவரை மாற்றாமல் இருக்க வேண்டும். வயல் மண்ணில் உழவு எல்லாவற்றையும் புரட்டிப் போட்டிருப்பதால் 20 வரை போவது சரி. கடற்கரையில் ஐந்து சென்டிமீட்டருக்குள்ளேயே கறுப்பும் வெளுப்பும் அடுக்கடுக்காக இருக்கும். வேர், கிளிஞ்சல், கூழாங்கல்லை எடுத்துவிட்டு ஒன்றரைக் கிலோ போல தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி, பைக்கு உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. வெளிச் சீட்டின் மை ஈரத்தில் அழிந்தே தீரும். அதே இடத்தில் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் சர்வே மீட்டரை (கையடக்கக் கதிர்மானியை) பிடித்து ஒரு ரீடிங் எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்த உடனே எடுக்க வேண்டாம். காற்றில் இருக்கும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் வழித்தோன்றல்களை மழை தரைக்கு இறக்கிவிடுவதால் ஓரிரு மணி நேரம் ரீடிங் ஏறியிருக்கும். அதன்பின் ஈர மண்ணே கதிரை மறைத்து ரீடிங்கை இறக்கிவிடும்.

ஆய்வகத்தில் 105 டிகிரி ஓவனில் ஒரு நாள். அடுத்தடுத்த இரண்டு எடைக்கும் வித்தியாசம் இல்லாமல் போகும்வரை உலர்த்த வேண்டும். களிமண் வண்டலுக்கு ஒரு நாள் போதாது. பிறகு 2 மில்லிமீட்டர் சல்லடை. கட்டி தட்டிய மண்ணை இடித்துச் சலிக்கலாம், கல்லை இடித்துச் சேர்க்கக் கூடாது. கடல் வண்டலில் நீர் ஆவியானாலும் உப்பு தங்கிவிடும். பாதி எடை கடல்நீராக இருக்கும் சேற்றில் உலர்ந்தபின் மூன்று சதவீதத்துக்கு மேல் உப்பு நிற்கும். அதைக் கழித்தீர்களா இல்லையா என்று அறிக்கையில் எழுதுங்கள்.

ஒன்றரைக் கிலோவிலிருந்து டப்பாவில் அடைக்க 400 கிராம் எடுப்பது சின்ன விஷயம் போலத் தெரியும். கருமணலில் அதுதான் பெரிய விஷயம். பையைக் குலுக்கினால் கனமான மணி அடியில் இறங்கும். மேலிருந்து கரண்டியால் மொண்டால் தோரியம் குறையும், அடியிலிருந்து மொண்டால் ஏறும். தார்ப்பாயில் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி குவிக்க வேண்டும். எவ்வளவு வித்தியாசம் வரும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. தோரியம் ஆக்சைடு 9 சதவீதம் என்றால் மோனசைட்டில் தோரியம் 7.9 சதவீதம். தோரியம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தால் கிலோவுக்கு 4.06 பெக்கரல். ஆக ஒரு கிராம் மோனசைட்டில் சுமார் 320 பெக்கரல். அந்த ஒரு கிராம், அதாவது ஒரு சிட்டிகைகூட முழுதாக வராத மணல், 400 கிராம் டப்பாவில் கூடவோ குறையவோ விழுந்தால் கிலோவுக்கு 800 பெக்கரல் மாறிவிடும். உலகச் சராசரி மண்ணில் தோரியம்-232 கிலோவுக்கு சுமார் 30 பெக்கரல்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

டப்பாவுக்குள்ளும் இதே கதை. டப்பா டிடெக்டரின் தலைமேல் உட்காருகிறது. அடித்தட்டில் இருக்கும் ஒரு மணி டிடெக்டருக்கு அருகில், மேல்தட்டு மணி ஐந்து சென்டிமீட்டர் தள்ளி. ஆய்வகத்துக்கு வண்டியில் குலுங்கி வந்த டப்பாவில் மோனசைட் அடியில் தங்கியிருந்தால் அளவு கூடித் தெரியும். இதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி இருக்கிறது. ஒரு முறை எண்ணிவிட்டு டப்பாவைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி எண்ணுங்கள். இரண்டும் புள்ளிவிவர எல்லைக்குள் ஒத்துப்போனால் கலவை சரி. ஒத்துப்போகாவிட்டால் மணலை வெளியே கொட்டி, மாவாக அரைத்துக் கலந்து மறுபடி நிரப்ப வேண்டும். கருமணலில் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு வெளியிட்ட எண்ணை நான் நம்பமாட்டேன்.

அடுத்து ரேடான். யுரேனியம்-238 சிதைந்து ஒன்றன்பின் ஒன்றாக உண்டாகும் தனிமங்களின் தொடரில், ரேடியம்-226-ஐ நேராகப் பார்க்க 186 கேஇவி (கதிரின் சக்தி அலகு) பீக் ஒன்று, அதாவது அந்தச் சக்தியில் எண்ணிக்கை மேடாக எழும் இடம், இருக்கிறது. யுரேனியம்-235-இன் 185.7 அதன்மேலேயே விழுகிறது. தொடரில் எல்லாம் ஒரே வேகத்தில் சிதையும் சமநிலை இருந்தால் அந்தப் பீக்கில் சுமார் 58 சதவீதம் ரேடியத்துடையது, மீதி யுரேனியம்-235-உடையது. அந்தச் சமநிலை இருக்கிறதா என்பதுதான் நமக்கே தெரிய வேண்டியது. அதனால் எல்லாரும் ரேடானுக்குப் பிறகு வரும் ஈயம்-214, பிஸ்மத்-214 பீக்குகளைப் பிடிக்கிறார்கள்: 295, 352, 609, 1120, 1764 கேஇவி. நடுவில் நிற்கும் ரேடான்-222 வாயு, அரை ஆயுள் 3.82 நாள். அது தப்பித்துப் போகாமல் மூடி வைத்தால் சமநிலை அளவில் 7 நாளில் 72 சதவீதமும், 14 நாளில் 92-ம், 21 நாளில் ஏறக்குறைய 98-ம் வளர்ந்துவிடும். மூன்று வாரம் அல்லது ஒரு மாதம் காத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

ஆனால் காத்திருப்பதைவிட மூடுவது முக்கியம். மெல்லிய பாலித்தீன் ரேடானைக் கசியவிடும். பலர் நம்பி ஒட்டும் சிலிக்கோன் சீலன்ட் இன்னும் மோசம். சிலிக்கோன் ரப்பர் வழியாக ரேடான் தாராளமாகப் போகும். தடித்த பாலிபுரொப்பிலீன் டப்பா, மூடி விளிம்பில் அரால்டைட் மாதிரி எபாக்ஸி, அதன்மேல் அலுமினிய டேப் என்று போனால் நிம்மதி. மூடி அடைத்த தகர டப்பா கிடைத்தால் அதைவிட நல்லது. விளிம்புவரை நிரப்புங்கள். மேலே காலி இடம் விட்டால் ரேடான் அங்கே சேர்ந்து, அதன் பிள்ளைகள் மூடியில் படிந்து, கதிர் வரும் இடமே மாறிப்போகும். கசிவு இருக்கிறதா என்று பார்க்க, அடைத்த இரண்டாம் நாளும் இருபத்தைந்தாம் நாளும் 352 பீக்கை எண்ணிப் பாருங்கள். சாதாரண மண்ணில் ரேடானில் பத்து முதல் முப்பது சதவீதம்தான் மணிக்கு வெளியே வருகிறது என்பதால் ஏற்றமும் அந்த அளவில்தான் இருக்கும். மோனசைட், சிர்கான் மணிகள் ரேடானை வெளியே விடுவதே குறைவு. கருமணலில் ஏற்றம் தெரியவில்லையென்றால் உடனே மூடியைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

எண்ணுவதற்கு ஜெர்மானியம் டிடெக்டர் இருந்தால் பாக்கியம். 1332 கேஇவியில் 2 கேஇவி அகலத்துக்குள் பீக்கைப் பிரித்துக் கொடுக்கும். திரவ நைட்ரஜனில் குளிர வேண்டும். நைட்ரஜன் தீர்ந்துபோய்ச் சூடேறினால் ஹை வோல்டேஜைப் போடாமல், முழுக்கக் குளிரும்வரை பொறுக்க வேண்டும். சோடியம் அயோடைடு படிகம் மலிவு, தடுமாற்றம் அதிகம். 662 கேஇவியில் அதன் பிரிப்பு 7 சதவீதம் போல, அதாவது 46 கேஇவி அகலம். மின்வெட்டில் ஏசி நின்று அறைச் சூடு ஏறினால் பொட்டாசியம்-40-இன் 1461 பீக் தன் இடத்தைவிட்டு நகர்ந்துவிடும். இரவு முழுக்க எண்ணியது வீண். பொட்டாஷ் உர டப்பா ஒன்றைத் தொடக்கத்திலும் முடிவிலும் பத்து நிமிடம் வைத்து எண்ணினால் நகர்ந்ததா என்று தெரியும். உரக்கடையில் விற்கும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷில் பொட்டாசியம்-40 கிலோவுக்கு சுமார் 16,000 பெக்கரல். சோதனைக்கு இதைவிட மலிவான கதிர்ப் பொருள் கிடைக்காது.

கிளம்பும் கதிரில் எத்தனை பங்கு பீக்கில் எண்ணப்படுகிறது என்பதுதான் திறன். அதை அளக்கப் புள்ளி அளவுள்ள கதிர்ப் பொருள் வேண்டாம். டப்பா நிறைய மண் இருக்கும்போது புள்ளியிலிருந்து கிடைத்த திறன் பொருந்தாது. சர்வதேச அணுசக்தி முகமையின் ஆர்ஜியு-1, ஆர்ஜிடிஎச்-1, ஆர்ஜிகே-1 பொடிகளை, மாதிரிக்கு எடுத்த அதே டப்பாவில் அதே உயரத்துக்கு நிரப்புங்கள். அவற்றில் முறையே யுரேனியம்-238 கிலோவுக்கு 4940 பெக்கரல், தோரியம்-232 கிலோவுக்கு 3250, பொட்டாசியம்-40 கிலோவுக்கு 14,000. இப்படிச் செய்வதில் இன்னொரு லாபம், பிஸ்மத்-214-இன் 609-ம் ஆக்டினியம்-228-இன் 911-ம் பிற கதிர்களோடு ஒரே நேரத்தில் விழுந்து எண்ணிக்கையை இழப்பது இரண்டு பக்கமும் ஒரே அளவில் நடந்து கழிந்துவிடும். கழியாதது அடர்த்தி. ஆர்ஜியு, ஆர்ஜிடிஎச் இரண்டும் சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட இலேசான பொடிகள். கருமணலோ கையில் எடுத்தாலே கனக்கும். 63, 46 கேஇவி மாதிரியான சக்தி குறைந்த கதிர்களைக் கருமணல் தானே விழுங்கிவிடும், 239-லேயே வித்தியாசம் தெரியத் தொடங்கும். 900-க்கு மேல் கவலை குறைவு.

பின்னணியை, அதாவது மாதிரி இல்லாமலே விழும் எண்ணிக்கையை, காலி அறையில் எடுக்காதீர்கள். மாதிரி டப்பாவில் காய்ச்சி வடித்த நீரை நிரப்பி வைத்து, மாதிரிக்கு ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு எண்ணுங்கள். டிடெக்டரைச் சுற்றிய ஈயக் கோட்டை பத்து சென்டிமீட்டர், உள்ளே செம்புத் தகடு. இல்லாவிட்டால் ஈயத்தின் எக்ஸ்-கதிர்கள் 75 கேஇவி பக்கத்தில் முளைக்கும். பூட்டிக் கிடந்த அறையைத் திங்கட்கிழமை காலை திறந்ததும் எண்ண ஆரம்பித்தால் அறைக்குள் தேங்கிய ரேடான் 609-இல் தெரியும். நைட்ரஜன் குடுவையிலிருந்து ஆவியாகி வீணாகும் வாயுவை ஒரு குழாயில் கோட்டைக்குள் விட்டால் ரேடான் வெளியே தள்ளப்படும், செலவும் இல்லை.

இப்போது ஒரு பீக்கை முழுதாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. 400 கிராம் மண், 50,000 வினாடி. தோரியம் தொடரில் வரும் ஆக்டினியம்-228-இன் 911 கேஇவி பீக்கின் கீழ் மொத்தம் 4950. இரண்டு பக்கச் சரிவை வைத்துக் கணித்த அடிப்பகுதி 700, அறைப் பின்னணிப் பீக் 70. மிஞ்சுவது 4180. இந்தச் சக்தியில் டப்பாவுக்கான திறன் 0.015, நூறு சிதைவுக்கு இந்தக் கதிர் வருவது 25.8. 0.015-ஐ 0.258-ஆல் பெருக்கி, 0.4 கிலோவாலும் 50,000-ஆலும் பெருக்கினால் 77.4. 4180-ஐ அதனால் வகுத்தால் கிலோவுக்கு 54 பெக்கரல். எண்ணிக்கையின் பிழை 1.8 சதவீதம்தான், திறனின் பிழை 4 சதவீதம் என்று கொண்டால் இரண்டும் சேர்ந்து 4.4. ஆக 54, கூடுதல் குறைவு 2.4. இன்னும் நான்கு நாள் எண்ணினாலும் இந்தப் பிழை 4-க்குக் கீழே போகாது. நேரத்தைக் கூட்டுவதைவிடத் திறனைச் சரியாக எடுப்பதில் மெனக்கெடுவது லாபம்.

தோரியத்தில் எல்லாரும் ஒரு தடவையாவது விழும் குழி, அதே தொடரின் தாலியம்-208. அதன் 583 கதிர் நூறு சிதைவுக்கு 85 என்று அட்டவணை சொல்லும். ஆனால் பிஸ்மத்-212-இல் 36 சதவீதம் மட்டுமே தாலியத்தின் வழியே போகிறது. தோரியம் தொடருக்கு என்று போடும்போது 85-ஐ 0.36-ஆல் பெருக்கி 30.5 என்று வைக்க வேண்டும். மறந்தால் தோரியம் மூன்றில் ஒரு பங்கு ஆகிவிடும். 911-இல் 54-ம் 583-இல் 19-ம் வந்தால் உடனே இதைச் சந்தேகியுங்கள். 2614-க்கும் இதே கணக்கு, 35.8.

கருமணலுக்கே உரிய தொல்லை வேறு இரண்டு. பொட்டாசியம்-40 பீக் 1460.8. ஆக்டினியம்-228-க்கு 1459.1-இல் ஒரு சின்னக் கதிர் இருக்கிறது, நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. சாதாரண மண்ணில் அது கண்ணிலேயே படாது. ஜெர்மானியத்தால்கூட இரண்டையும் பிரிக்க முடியாது. பொட்டாசியத்தின் கதிர் நூற்றுக்கு 10.66 என்பதால் ஒவ்வொரு பெக்கரல் தோரியமும் பொட்டாசியத்தில் சுமார் 0.08 பெக்கரலைப் போலியாகச் சேர்க்கும். தோரியம் கிலோவுக்கு 2000 இருந்தால் இல்லாத பொட்டாசியம் 160 பெக்கரல் முளைக்கும். கருமணலில் பொட்டாசியம் இருக்கும் தாதுக்களே குறைவு. பொட்டாசியமும் தோரியமும் ஜோடியாக ஏறி இறங்கும் வரைபடத்தைக் கண்டால் புவியியல் விளக்கம் தேடுவதற்கு முன்னால் இந்தக் கழித்தலைச் செய்தார்களா என்று பாருங்கள். இரண்டாவது, யுரேனியம்-238-க்குப் பயன்படும் தோரியம்-234-இன் 63.3. அதன் பக்கத்திலேயே தோரியம்-232-இன் சொந்தக் கதிர் 63.8-இல் இருக்கிறது. தோரியம் யுரேனியத்தைப் போல் பத்து மடங்கு இருக்கும் மணலில் அந்தப் பீக்கை நம்ப முடியாது. 1001 கேஇவிக்குப் போங்கள். நூற்றுக்கு 0.84தான், நாள் பிடிக்கும், ஆனால் சுத்தமான பீக்.

சோடியம் அயோடைடு மட்டும் கையில் இருப்பவர்கள் பீக் தேடாமல் மூன்று ஜன்னல் (கேஇவி வரம்பு) போட வேண்டும்: பொட்டாசியத்துக்கு 1370 முதல் 1570, யுரேனியத் தொடருக்கு 1660 முதல் 1860, தோரியத்துக்கு 2410 முதல் 2810. தோரியம் கீழ் ஜன்னல்கள் இரண்டிலும் வழியும், யுரேனியம் பொட்டாசியம் ஜன்னலில் வழியும். மூன்று ஆர்ஜி பொடிகளையும் தனித்தனியே எண்ணி வழிவு விகிதத்தை எடுத்து, மேலிருந்து கீழாகக் கழித்துக்கொண்டு வாருங்கள். தோரியம் மிகுந்த மணலில் கடைசியாக மிஞ்சும் பொட்டாசியம், இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம். எதிர்மறையாகவும் வரலாம். வந்தால் ‘அளவிடத்தக்க எல்லைக்குக் கீழ்’ என்று எழுதுங்கள், பூஜ்யம் என்று எழுத வேண்டாம்.

அறிக்கையில் பெயர் எழுதுவதிலும் ஒழுங்கு வேண்டும். 609-ஐ எண்ணிவிட்டு ‘யுரேனியம்-238’ என்று எழுதுவது சரியல்ல, எண்ணியது ரேடியம்-226-க்குப் பின்னால் வருவதைத்தான். தண்ணீர் ஓடும் மண்ணில் யுரேனியம் கரைந்து நகரும், ரேடியம் வேறு மாதிரி நகரும். ஆற்று வண்டலில் இரண்டும் சமம் என்று வைத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை. ஏரி வண்டலில் ஈயம்-210-ஐ வைத்து நூறு ஆண்டுக் காலக் கணக்குப் போடுகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. காற்றிலிருந்து விழுந்த ஈயத்தைக் கணிக்க ரேடியத்தைக் கழிக்க வேண்டும், அந்த ரேடியமே கசிந்த டப்பாவில் குறைவாக வந்திருந்தால் அடுக்குகளின் வயதெல்லாம் தப்பாகும்.

மண்ணின் பெக்கரலிலிருந்து அங்கே நிற்பவர் மேல் விழும் கதிர் வீதத்தைக் கணிக்க, அணுக்கதிர் விளைவுகளை ஆராயும் ஐநா அறிவியல் குழுவின் 2000-ம் ஆண்டு கெழுக்கள் (கிலோவுக்கு ஒரு பெக்கரலுக்கு மணிக்கு இத்தனை நானோகிரே): ரேடியம் 0.462, தோரியம் 0.604, பொட்டாசியம் 0.0417. உலக இடைநிலை மதிப்புகளான 35, 30, 400-ஐப் போட்டால் மணிக்கு 51 நானோகிரே. ஆண்டுக்கு 8760 மணி, வெளியில் இருப்பது ஐந்தில் ஒரு பங்கு, கிரேயிலிருந்து (உடல் உறிஞ்சும் கதிர்) சீவர்ட்டுக்கு (அதன் பாதிப்பு) 0.7 என்று பெருக்கினால் 0.063 மில்லிசீவர்ட். சர்வே மீட்டரில் எடுத்த ரீடிங்கோடு இந்தக் கணக்கு ஓரளவு ஒத்துப்போக வேண்டும். மீட்டர் காட்டுவதில் விண்வெளிக் கதிரும் சேர்ந்திருக்கும் என்பதை மறந்து ஒப்பிட்டால் குழப்பம்தான். ‘ரேடியம் சமானம் (மூன்றையும் ரேடியத்துக்கு நிகராக்கிக் கூட்டிய எண்) 370-ஐத் தாண்டியது’ என்று கடற்கரை மணலைப் பற்றி அலறும் கட்டுரைகளும் வருகின்றன. அந்த எல்லை வீடு கட்டும் பொருளுக்கு வைத்தது. அந்த மணலால் யாரும் சுவர் எழுப்பாதவரை அந்த ஒப்பீட்டுக்குப் பொருள் இல்லை.

எண்ணி முடித்த கருமணல் டப்பாக்களை டிடெக்டர் அறை அலமாரியில் அடுக்காதீர்கள். 2614 கேஇவி கதிருக்குப் பத்து சென்டிமீட்டர் ஈயம் முழுத் தடுப்பு ஆகாது. அலமாரி நிறைய நிறையப் பின்னணியும் ஏறும், ஆறு மாதத்துக்கு முன் எடுத்த நீர் டப்பாவின் எண்ணைக் கழித்துக்கொண்டிருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு சுவர் தள்ளி வையுங்கள், மாதம் ஒரு முறை நீர் டப்பாவை மறுபடி எண்ணுங்கள்.